ஒப்பீட்டுக் கை

நான் பொய்க் கை.
விண்ணப்பத்தின் பதினோராம் பக்கத்தில்
கொஞ்சம் மரியாதையாக எழுதியிருக்கும்:
ஒப்பீட்டுத் தொடுகை, அரைநேரப் பணி,
மணிக்கு முப்பத்தொரு டாலர்.
மீதி அரைநேரம் கணக்கெழுதுகிறேன்.

வடக்கு மிசூரி, நவம்பர்.
அறுத்த சோளக்கொல்லைகளில்
தட்டை மட்டும் விறைத்து நிற்கிறது.
மருத்துவர் ஆர்டித் வேன்டிவர்
மறுபடி அதே கேள்வியை எழுதுகிறார்:
எலும்பையும் தசையையும் விரலால் படித்து
இருந்த இடத்துக்குத் திருப்புகிறோமே,
இடுப்புவலி அதனால்தான் இறங்குகிறதா,
இல்லை,
யாரோ ஒருவர் தொட்டதே போதுமாயிருந்ததா?

முதல் தடவை வந்த பதில்:
சுவையான யோசனை, நோயாளிகள் போதாது.
இரண்டாம் தடவை:
நோயாளிகள் போதும், செலவு மிகுதி.
அன்று அவர் சிரித்த சிரிப்பில்
காப்பி கவிழ்ந்தது கணினிமேல்.
ஏழாம் எண் விசை அன்றிலிருந்து அழுந்துவதில்லை.
எங்கள் பட்ஜெட் ஏழைத் தவிர்க்கிறது
(எண்ணைத்தான் சொல்கிறேன்).

மாத்திரை என்றால் ஒரு கம்பெனி வரும்,
கறுப்புக் காரில், மதியச் சாப்பாட்டோடு.
கட்டைவிரலுக்குக் காப்புரிமை யார் தருவார்?

மூன்றாம் தடவை
ஒரு சின்ன அறக்கட்டளை இரங்கியது.
கேட்டதில் கால்பங்கு, இரண்டு வருடம்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி;
ஆனாலும் சோளநாட்டில் இருக்கிறோம்,
பொரித்தோம்.

பொய்க்கும் பயிற்சி வேண்டும்.
உண்மைக் கை தொடும் அதே இடங்கள்,
அதே இருபது நிமிடம்,
முப்பது கிராமுக்குமேல் அழுத்தக்கூடாது.
வெங்காயம் நிறுக்கும் தராசில்
உள்ளங்கையை வைத்து வைத்துப் பழகினேன்.
இன்னொரு விதி:
நலமாகட்டும் என்று நினைக்கக்கூடாது.
நினைவு கைக்கு இறங்காமலிருக்க
நூறிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

நாற்பத்தொன்றாம் எண் நோயாளி டெல்மர் ஸ்டக்கி.
பன்றிப் பண்ணை, ஐம்பத்தெட்டு வயது.
குப்புறப் படுத்து
மேசையின் முகத்துளை வழியே
என் காலணிகளிடம் பேசுவார்:
தீவன விலை,
தண்ணீர்த் தொட்டியில் உறைந்த பனி,
பங்கை விற்றுவிட்டு அரிசோனா போன தம்பி.
போனவன் கூப்பிடுவதில்லை என்பதை மட்டும்
இரண்டு முறை சொன்னார்.

ஆறாம் வருகையில்
அறுபத்திரண்டில் எண்ணிக்கை அறுந்தது.
எத்தனை நேரம் என்று தெரியாது.
கை அங்கேயே இருந்தது,
எடையும் முப்பதைத் தாண்டவில்லை,
அதுமட்டும் சத்தியம்.
நெறி பிறழ்ந்தால் நிரப்பும் படிவம்
இழுப்பறையில் இருந்தது,
இருக்கிறது.

முடிவுகள் ஏப்ரலில் வந்தன.
உண்மைக் கையில் வலி இறங்கியிருந்தது.
என் கையிலும்.
நடுவே இருந்த வித்தியாசம்
தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவு,
மயிரிழை.
ஆர்டித் வெகுநேரம் வரைபடத்தைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்து,
உனக்கு நல்ல கை, என்றார்.
பாராட்டா என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

டெல்மர் தொலைபேசியில் அழைத்தார்.
காசு கொடுத்தே வருகிறேன்,
அதே ஆள் வேண்டும்.
எந்தக் குழுவில் இருந்தீர்கள் என்று
ஆய்வு மூடும்வரை சொல்லக்கூடாது.
பார்க்கிறோம், ஐயா, என்றேன்.
பின்னால் பன்றிகள் கத்துவது கேட்டது.
அவர் உடனே வைக்கவில்லை.

இது நாலாம் தடவை.
ஐந்து மணிக்கு வாசல் மூடிவிடும்,
கிழக்கு நேரப்படி; நமக்கு நாலு.
மூன்றரைக்கு நான் இருக்கும் வரி:
ஒப்பீட்டுத் தொடுகை, அரைநேரப் பணி.
ஆர்டித்தைக் கேட்காமலே
ஒரு சொல் சேர்த்தேன்:
புதிய ஆள்.

பெட்டி காரணம் கேட்கிறது,
இருநூறு எழுத்துகளுக்கு மிகாமல்.
பழைய ஆளின் கை சூடு
என்று தட்டினேன்.
மிச்சம் நிறைய இடம் இருக்கிறது.