நாற்பதில் ஒரு பங்கு

இறக்கை அறுபத்திரண்டு மீட்டர்.
முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவர் பெயர்
வள்ளியூர் வரைக்கும் எல்லா டீக்கடைக்கும் தெரியும்.
பின்னால் நடந்து வருகிறவன் நான்.
கழுத்தில் தொங்கும் ரிமோட்டால்
கடைசி ஆறு அச்சுகளைத் திருப்புகிறவன்.

பனகுடியில் வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான்.
மேலப்பாளையம் காசிம் மைதீனிடம்
கிலோக் கணக்கில் வாங்கிய பிளாஸ்டிக் கட்டைகள்:
சிவப்பு, சாம்பல்,
யாரோ ஒரு பிள்ளை பல் பதித்த மஞ்சள்.
ஓட்டைச் சட்டங்கள், கறுப்பு முளைகள்,
வெட்டிப் பார்த்தால் கூட்டல் குறி தெரியும் அச்சுகள்.
முளை பிடுங்கிப் பிடுங்கிப்
பிய்ந்த கட்டைவிரல் நகத்தைப் பார்த்து
"வேலையில் பட்டதா?" என்றார் கம்பெனி டாக்டர்.
ஆமாம் என்றேன்.

முதலில் கட்டியது நகரவில்லை.
மோட்டார் முனகிற்று.
உள்ளே எங்கோ பல் நழுவி
டிக் டிக் டிக்,
பல்லி சகுனம் சொல்வதுபோல.
பிரம்மசக்திக்கு ரேஷன் கடையில் எடை போடும் வேலை.
தூக்கிக்கொண்டுபோய்த் தராசில் வைத்துப் பார்த்துவிட்டாள்.
இரண்டு கிலோ நானூறு.
"இம்புட்டுக் கனத்த அந்தச் சின்ன மோட்டார்
என்னத்த இழுக்கும்?
மெதுவாப் போனாத்தான் என்ன?"

எட்டுப் பல் சக்கரம் இருபத்துநாலைச் சுற்ற,
அதே தண்டில் இன்னோர் எட்டு
இன்னோர் இருபத்துநாலைச் சுற்ற,
ஒன்பதில் ஒரு பங்கு வேகம்.
நெல்லையப்பர் தேர்கூட முந்திவிடும்.
ஆனால் நகர்ந்தது.

பங்குனி.
காற்று தொடங்குமுன் காத்தாடி நட்டாக வேண்டும்.
ராதாபுரம் தாண்டி ஒரு முக்கு.
இந்தப் பக்கம் சர்ச் மதில்,
அந்தப் பக்கம் ஒரு உடைமரம்,
அடியில் ஏழெட்டு ஆடு.
"மதில்ல கை வச்சா ஊரே வரும்,
மரத்த எடுத்துருவோம்" என்றார் சூப்பர்வைசர்.
மரத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.
ரெண்டு நாள் தாங்க சார் என்றேன்.

உச்சி வெயிலில் டேப் பிடித்து அளந்தேன்.
எல்லாவற்றையும் நாற்பதால் வகுத்து
மொட்டைமாடியில் சாக்பீஸால் முக்கு வரைந்தேன்.
மதிலுக்குக் கட்டை அடுக்கினேன்.
மரத்துக்கு எவர்சில்வர் டம்ளர்.
இறக்கைக்குக் கருக்குச் சீவிய பனைமட்டை,
ஒன்றரை மீட்டரும் மூன்று விரலும்.

பதினாறு முறை டம்ளர் உருண்டது.
பதினாறாவது சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் லைட் எரிந்தது.
துணி எடுக்க வந்த பிரம்மசக்தி
கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.
"முக்கு வந்த பொறவுல்லா திருப்புதீய.
பின்னால வாறவன்
முன்னாலயே திரும்ப வேண்டாமா?"

பதினேழாவது முறை
மட்டை டம்ளரைத் தாண்டிற்று.
நடுவில் ஒரு பொட்டுக்கடலை போகும் இடைவெளி.
நாற்பதால் பெருக்கினேன்.
ஒரு சாண்.

மூன்றாம் நாள் விடியுமுன் போய்ச் சேர்ந்தோம்.
மரம் இல்லை.
முந்தின சாயங்காலமே காண்ட்ராக்டர் ஆள் வந்தானாம்.
அடிக்கட்டை வெள்ளையாக இருந்தது.
ஆடுகள் விழுந்த காய்களைத் தின்றுகொண்டிருந்தன,
வயிறு நிறைய.

ரிமோட்டைக் கழுத்தில் மாட்டினேன்.
மாடியில் திருப்பிய அதே இடத்தில்,
முக்குக்கு முன்னாலேயே,
அச்சுகளைத் திருப்பினேன்.
இறக்கை நுனி வந்தது,
வந்தது,
இல்லாத மரத்துக்கு ஒரு சாண் விட்டுக்
கடந்தது.
"ரோடுதான் காலியாக் கெடக்கே,
எதுக்குய்யா இந்தச் சுத்து?"
வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர்.
நான் பதில் சொல்லவில்லை.
அந்தப் பொத்தானை அழுத்த
எனக்குக் கை ஒழியவில்லை.

ராத்திரி மாடியில்
டம்ளரை எடுத்துக் கழுவி மோர் குடித்தேன்.
பேட்டரி ஆறும் தீர்ந்திருந்தன.
பிரம்மசக்தி சாக்பீஸ் கோட்டை அழிக்க
வாளித் தண்ணீரோடு வந்தாள்.
இரு, என்றேன்.
ஒரு காத்தாடிக்கு மூன்று இறக்கை.
இன்னும் இரண்டு முறை
அந்த முக்கு.