மூன்றெழுத்துக் கூலி

வேதம் முழுவதிலும் ஒரே ஒரு முறை வரும் சொற்களுக்கு
எங்கள் அகராதி அலுவலகத்தில் தனி இழுப்பறை.
சாவி என்னிடம்.
ஜெருசலேமில், யாஃபா சாலைக்குப் பின்தெரு.
டிராம் கடக்கும்போதெல்லாம்
உள்ளே அட்டைகள் முணுமுணுக்கும்.

பே, யோத், மேம்.
உயிர்க்குறி பின்னால் யாரோ இட்டது.
பீம் என்றா, பாயிம் என்றா,
வாயால் சொன்னவர் ஒருவரும் மிச்சமில்லை.

கதை இவ்வளவுதான்.
மலைநாட்டில் கொல்லன் கிடையாது.
இருந்தால் வாள் அடித்துக்கொள்வார்கள் என்று
பெலிஸ்தர் ஒருவனையும் விட்டுவைக்கவில்லை.
கொழு மழுங்கினால் உழவன்
அதைத் தோளில் சுமந்து
பகைவனின் உலைக்களத்துக்கே இறங்க வேண்டும்.
இறங்கினான்.
அங்கே, பீம்.
அதற்குமேல் வசனம் ஒன்றும் சொல்வதில்லை.

பே என்றால் வாய் என்றார்கள் உரைகாரர்கள்.
இரும்புக்கு வாய் என்றால் வெட்டுவாய்.
வாய் பல உள்ள கருவி எது?
அரம்.
எனக்கு முன்னிருந்தவர் அட்டையில் அரம் என்றே எழுதியிருக்கிறார்.
அவருக்கும் முன்னிருந்தவர்
அரம் என்று எழுதி, பக்கத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி,
அழிப்பதற்கு வசதியாக.

பிறகு மண்ணுக்குள்ளிருந்து கற்கள் வந்தன.
கோலிக்குண்டு அளவு சுண்ணாம்புக்கல்,
தலை உருண்டை, அடி தட்டை,
உச்சியில் கீறிய மூன்றெழுத்து.
தராசில் வைத்தார்கள்:
எட்டு கிராமுக்குச் சற்றே குறைவு.
ஒரு சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு, வெள்ளியாக.
அரமில்லை.
கூலி.

எத்தனை நூற்றாண்டுப் பண்டிதர்கள்!
பட்டறை முழுக்கத் துழாவினார்கள்,
உழவனின் மடிமுடிச்சை மட்டும்
ஒருவரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

வியாழன் மாலை, மஹானே யெஹுதா சந்தையில்
என் சமையலறைக் கத்தியைச் சக்கரத்தில் பிடித்தபடி
ஸோஹாரா பென்-ஹாருஷ் இதைக் கேட்டாள்.
தீப்பொறி அவள் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.
"வேறென்ன இருக்கும்?
தீட்டி முடித்தால் அடுத்து வருவது அதுதானே.
பதினெட்டு சேக்கல் எடுங்கள்."

வரும் வழியில் நினைத்தேன்.
பண்டிதர்களை அல்ல, எழுத்தர்களை.
தோல் சுருளின் மேல் குனிந்து
பீம் என்ற இடத்துக்கு வந்ததும்
ஒரு கணம் இறகு நின்றிருக்கும்.
பொருள் தெரியாது.
ஒரு கோடு கூட்டினால், ஒரு புள்ளி குறைத்தால்
தெரிந்த சொல்லாகிவிடும்.
கூட்டவில்லை, குறைக்கவில்லை.
புரியாததைப் புரியாததாகவே
அடுத்தவனிடம் ஒப்படைத்தார்கள்.
ஒருவன் கைநடுங்கித் திருத்தியிருந்தால்
இன்று அந்தக் கல்
வெறும் கல்.

என் தங்கை பெனினா
ஆதார் மாதத்தில் இறந்தாள்.
அவள் சந்தைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கம்:
வெள்ளரி நான்கு. தீப்பெட்டி. எலுமிச்சை.
அதன் கீழே
ஸாயின், தேத், லாமெத்.
அப்படியொரு சொல் எபிரேயத்தில் இல்லை.
என்னிடம் கேளுங்கள், இல்லை.

"நடு எழுத்து தப்பு, மாமா," என்கிறான் அவள் மகன் எல்காயாம்.
"வாவ் போட்டால் 'மலிவு'.
எலுமிச்சை மலிவு என்று எழுதியிருப்பாள்."
இருக்கலாம்.
அவள் எப்போதும் விலை பேசுகிறவள்தான்.
ஆனால் அந்தத் தேத்தை
அவள் அவசரமாக எழுதவில்லை.
வளைவை முழுதாகச் சுற்றி
உள்ளே மடக்கி முடித்திருக்கிறாள்.

இன்று எல்லோரும் போனபின்
புது அட்டை ஒன்றை எடுத்தேன்.
மூன்றெழுத்தையும் அவள் எழுதியபடியே எழுதினேன்.
வரும் இடம்: ஒன்று.
பொருள்:

பென்சிலைக்கூட எடுக்கவில்லை.
விதிப்படி அங்கே வைக்கக்கூடாதுதான்.
பீமுக்குப் பின்னால் செருகி
இழுப்பறையைப் பூட்டினேன்.
டிராம் ஒன்று போயிற்று.