உள்ளால் அறுத்தல்

இருபத்துமூன்று தூண்கள்.
அளம்பிலுக்கு நேர்கிழக்கே, நாலு பாகத் தண்ணியில்.
யார் நட்டது, எந்த வருடம், எதை இறக்க
என்று ஒப்பந்தத்தில் இல்லை.
வெட்டுகிற அளவு மட்டும் இருந்தது:
சேற்றுமட்டத்துக்கு ஒரு மீற்றர் கீழே.

முதல் தூணைச் சுற்றிவரத் தோண்டினோம்.
பம்பை முடுக்கியதும்
கடலடி எழும்பி என் முகத்துக்கு வந்தது.
வேரோடு சாதாளை, மட்டிக் குஞ்சுகள்.
கண்ணாடிக்கு முன்னால் நீட்டிய கை
யாருடையதென்று தெரியவில்லை.
மேலே பார்ஜில் சிந்துஜா
கறுப்பு வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் இறக்கி
எத்தனை அடியில் மறைகிறதென்று குறிப்பவள்.
முதல்நாள் பதினேழு அடிவரை தெரிந்த தட்டை
அன்றைக்கு ஒன்றரை அடியில் தொலைத்தாள்.
சோளகம் வேறு.
கலங்கல் வடக்கே கள்ளப்பாட்டுப் பக்கம் நகர,
கரைவலைச் சம்மாட்டி போனெடுத்துக் கேட்டார்:
"என்ன தம்பி, கடலுக்கு வயித்தாலை போகுதோ?"

நான் அட்டைக்கு இறங்கினவன்.
நல்ல சேறு கன்னம் மாதிரி,
விரல் வைத்தால் குழி விழும், மெல்ல நிரம்பும்.
சண்டை முடிந்து முதன்முதல் இறங்கின அன்று
தடவுகிற கைக்கு என்ன வருமென்று
தெரியாமல் தடவினேன்.
வந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை.
எடுத்த இடத்திலேயே வைத்து
சேற்றை அள்ளி மேலே போட்டு
கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தேன்.
பிறகு ஏறிவந்து
"அட்டை இல்லை" என்றேன்.

ஆகவே இரண்டாம் தூணில்
இன்ஜினியர் குகநேசனை மறித்தேன்.
"இது குழாய்தானே சேர்.
உள்ளாலை இறக்கி அறுத்தா என்ன?"
மூன்று நாள் கூடப் பிடிக்கும் என்றார்.
வாடகைக் கிரேனின் நாட்கூலியைச் சொன்னார்.
சிந்துஜா ஒன்றும் சொல்லவில்லை,
ஒன்றரை அடி என்று எழுதின தாளை
அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தாள்.

குழாய்க்குள் இருந்த சேற்றை உறிஞ்சித்
தொட்டிக்குள் விட்டோம்.
வடிக்க வேண்டாம் என்றேன். வடித்தாள்.
ஊரி, சிப்பித்தூள்,
நெருப்புப்பெட்டி அளவில் ஒரு துருக்கட்டி.
அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
நான் கடலைப் பார்த்தேன்.

பிறகு முனை இறங்கியது.
தண்ணியும் பொடிமணலும்
ஊசித் தடிப்பில் சுழன்று
இரும்பை உள்ளேயிருந்து தின்னும்.
வெளியே ஒன்றும் தெரியாது.
தூணில் உள்ளங்கை வைத்தால் மட்டும்
பல்லுக்குள் வலி தொடங்குவதுபோல் ஓர் அதிர்வு.
அடியில் கிடந்த கலவாய்
வாயைத் திறந்து மூடிக்கொண்டு
அங்கேயே கிடந்தது.
நாற்பது நிமிடம் ஒரு சுற்று.
கிரேன் இழுத்தபோது
உறையிலிருந்து கத்தி வருவதுபோல் வந்தது.
இருந்த இடத்தை
நாலு பக்கத்துச் சேறும் வந்து மூடியது.
பதினாலு அடி என்று கூவினாள் சிந்துஜா.

எல்லாம் நல்லபடி என்று சொல்லமாட்டேன்.
தூணோடு ஏறிவந்த சிப்பிகள்
பார்ஜ் தகரத்தில் வெயிலுக்கு வாய் பிளந்தன.
படிவத்தில் அவற்றுக்குக் கட்டம் இல்லை.
ஏழாம் தூண் தன்னுடைய கலவாய்க் கிடங்கென்று
தூண்டில்காரன் எமிலியான் வந்து ஏசினான்,
அவன் ஏசினதிலும் நியாயம் இருந்தது.
வலை கிழிந்தவர்கள் கைதட்டினார்கள்.

கடைசித் தூண் போன மறுநாள் விடிய
பார்த்துவர இறங்கினேன்.
வெளிச்சம் அடிவரை வந்திருந்தது.
தூண் நின்ற இடத்தில் தோள்வரை கை விட்டேன்,
வெட்டின விளிம்பு எட்டவில்லை.
அதற்கும் கீழே
பதினொரு மீற்றர் இரும்பு
நின்றபடி நிற்கிறது.
அதை எடுக்கச் சொல்லி
எந்த ஒப்பந்தமும் வரப்போவதில்லை.
கையை மெல்ல உருவினேன்.
குழி நிரம்பும்வரை பார்த்திருந்தேன்.

காதுக்குள் சிந்துஜா:
"அண்ணை, அடியிலை ஏதும் கிடக்கோ?"

"ஓம்," என்றேன்.
"ஒரு அட்டை.
எழுதுங்கோ.
நகருது."