பதினைந்தாவது கோரிக்கை

என் கட்டைவிரல் ரேகை சாக்பீஸோடு போய்விட்டது.
தாராவி மாநகராட்சிப் பள்ளி, மாடிப்படி முனையில்
அந்தக் கறுப்புப் பெட்டி தினமும் ஏழு மணிக்குக் கேட்கும்,
நீ யார் என்று.
மூன்று முறை வைத்தாலும் நான் நானில்லை.
இருபத்திரண்டு வருஷம் 'அ' எழுதிய விரல்.
அதன் முன்னால் நான் நின்றுகொண்டிருக்கும்போதே
'வரவில்லை' என்று மேலே போகிறது தகவல்.

இதற்காகச் சங்கத்தில் சேர்ந்தேன் என்றால் பொய்.
பிரசவ விடுப்புச் சம்பளம் எட்டு மாதம் நின்றுபோயிருந்தது.
வாங்கிக் கொடுத்தார்கள்.
இன்று கிளைச் செயலாளர், லெட்டர்பேடு என் வசம்.

அந்த லெட்டர்பேடில்
வலிப்பு வந்த பையனை டாக்ஸியில் அள்ளிப்போட்டு
சயன் ஆஸ்பத்திரிக்கு ஓடி,
வகுப்பை விட்டு வெளியேறியதாக சஸ்பெண்ட் ஆன
ஜெபக்கனி டீச்சருக்காக எழுதினேன்.
பதினோராம் நாள் உத்தரவு ரத்து.
அதே லெட்டர்பேடில்
மூன்று வருஷம் பாடமே நடத்தாமல்
வராந்தாவில் நின்று பிளாட் புரோக்கர் வேலை பார்த்த
சிதம்பரதாணு சாருக்காகவும் எழுதினேன்.
ஏறக்குறைய அதே வாக்கியங்கள்.
'நீண்டகால அர்ப்பணிப்பு' என்ற இடத்தில்
பேனா கொஞ்சம் மக்கர் செய்தது. உதறிவிட்டு எழுதினேன்.
ஓய்வு பெற்றபோது சால்வையும் போட்டோம்.

இப்போது பள்ளியைத் தத்துக் கொடுக்கப் போகிறார்களாம்.
டிரஸ்டிலிருந்து வந்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான்,
தரையில் சம்மணம் போட்டுக் குழந்தைகளோடு கைதட்டினார்கள்.
பதினோரு மாத ஒப்பந்த வாத்தியார்கள்.
தமிழ் ஏழாம் வகுப்பில் பதினாலே பேர்,
அதைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள்.
பெற்றவள் உயிரோடு இருக்கையில் தத்து எதற்கு என்று
ஆசாத் மைதானத்தில் கேட்டேன்,
தமிழில் ஒருமுறை, மராத்தியில் ஒருமுறை.
மழையோடு கைதட்டலும் விழுந்தது.

மறுநாள் கேட்டருகே இசக்கியம்மாள்.
பாந்த்ராவில் ஏதோ பேங்குக் கட்டடத்தில் தரை துடைப்பவள்.
"நேத்து ஸ்கூல் பூட்டிக் கெடந்துச்சு.
இவளப் பாத்துக்கிட இருந்ததுல எனக்குச் சம்பளம் போச்சு, டீச்சர்."
உங்க பிள்ளைகளுக்காகத்தானே என்று ஆரம்பித்தேன்.
"ஒங்க மவ எங்க படிக்கா?"
செம்பூர்.
"இங்கிலீசா?"
பெட்டி முன்னால் நிற்பதுபோல நின்றேன்.

"அது கெடக்கட்டும். பொம்பளப் புள்ளைய கக்கூசுக்குத்
தாழ்ப்பாள் இல்ல, நாலு மாசமாச்சு.
இவ பகல்ல தண்ணியே குடிக்க மாட்டேங்கா.
அவுக போட்டாலும் சரி, நீங்க போட்டாலும் சரி."

கோரிக்கைப் பட்டியலில் பதினாலு இருந்தது.
பதினைந்து என்று எண் போட்டு, தாழ்ப்பாள் என்று எழுதினேன்.
தலைவர் கரத் சாஹேப் கோபப்படாமல் அடித்தார்:
இது வார்டு ஆபீஸ் சமாச்சாரம்,
பென்ஷனோடு இதைக் கலந்தால் சிரிப்பார்கள்.
அவர் சொன்னது தப்பில்லை.
வார்டு ஆபீஸில், கைமாறும் பள்ளிக்குப் புதுச்செலவு கிடையாது.
டிரஸ்ட் பெண் போனில் உண்மையாகவே வருத்தப்பட்டாள்:
கையெழுத்தானதும் முதல் வேலை இதுதான், மேடம்.

தொண்ணூறடி ரோட்டில் எண்பத்தைந்து ரூபாய்,
நாலு ஸ்க்ரூ சேர்த்து.
பில் யார் பேருக்கு என்றார் கடைக்காரர்,
ஸ்கூலா, சங்கமா?
எதையும் எழுதாமல் கொடுங்கள் என்றேன்.

மூன்றாவது பீரியடில் மாட்டினேன். கொஞ்சம் கோணல்.
இசக்கியம்மாள் மகள் அபிதா மொபைல் டார்ச் பிடித்தாள்.
பிறகு உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தாள்.
திறந்தாள். மறுபடி போட்டாள்.
அவளாகத் திறக்கும்வரை
ஸ்க்ரூடிரைவரோடு வெளியே நின்றேன்.

பேரில்லாத பில் லெட்டர்பேடுக்குள் கிடக்கிறது.
வியாழக்கிழமை திரும்பவும் ஆசாத் மைதானம்.
நான்தான் பேச வேண்டும்.
இன்னும் ஒரு வரி எழுதவில்லை.