உற்பத்தியாளர் பெயர்

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட் கடையின் மாடியில்
மெர்லின் புஷ்பராணி வாடகைக்கு விட்டிருந்தது
அலமாரித் தட்டுகள்.
தட்டு ஒன்றுக்கு மாதம் நூற்றிருபது ரூபாய்.
பரணி நீங்கள் கொண்டுவர வேண்டும், பழமும் நீங்களே.
சீனி, கிராம்பு, ஒரு பிடி கோதுமை
கீழே விலைக்குக் கிடைக்கும்.

சுவரில் ஒரு அட்டை, நீல மையில்:
ஈஸ்ட் தூவுவது உங்கள் கை. நான் தொட மாட்டேன்.

"தொட்டா அது என் சரக்காயிரும் சாரே.
வக்கீல்ட்ட கேட்டுத்தான் ஒட்டிருக்கேன்."

மதுவிலக்குப் பிரிவில் மகஜர் எழுதுகிறவன் நான்.
கையெழுத்து நன்றாக இருப்பதால்
பதினேழு வருஷமாக எல்லாச் சோதனைக்கும்
ஜீப்பில் என்னை ஏற்றிக்கொள்கிறார்கள்.
அன்றைக்கு விடாத மழை.
எண்ணினோம், நாற்பத்தொரு பரணி.
எல்லாவற்றின் கழுத்திலும் வெள்ளைத் துணி,
துணியில் பேர், ஊர், போட்ட தேதி.
பாலப்பள்ளம் ஸ்டெல்லா ஜெயந்தி, திராட்சை.
மிடாலக்காடு கிறிஸ்துராஜன், அன்னாசி.
திக்கணங்கோடு சுயம்புலிங்கம், மட்டிப்பழம்,
பக்கத்தில் பொடி எழுத்தில்: மருந்துக்கு.

"உற்பத்தியாளர் ஆருன்னு எழுதும்" என்றார்
இன்ஸ்பெக்டர் தாணுமூர்த்தி.
அந்தக் கட்டம் மட்டும் நிரம்ப மறுத்தது.
வீட்டில் வைத்தால் ஒரு கேள்வி,
விற்றால் வேறு கேள்வி.
அடுத்தவள் தட்டில் வைத்தால்?
சுற்றறிக்கையை இரண்டு முறை புரட்டினார்.
தட்டு என்ற சொல்லே அதில் இல்லை.
தூவியவர்கள் தூவிவிட்டுப் போய்விட்டார்கள்.
இவள் சாவி மட்டும் வைத்திருக்கிறாள்.
மிச்ச வேலையை இருட்டில் இருந்து பார்க்கிற கூட்டம்
கண்ணுக்குத் தெரியாது,
அதற்கு ஆதாரும் கிடையாது.

எட்டாவது பரணியில்
ஞானசிகாமணி, பூட்டேற்றி.
சாட்சிக்கு நிறுத்தியிருந்த ஆட்டோக்காரர் சொன்னார்,
அவரை அடக்கம் பண்ணிப் பன்னிரண்டு நாளாச்சு.

துணிமேல் காதை வைத்தேன்.
மகஜரில் அதற்கு இடமில்லை, என்றாலும் வைத்தேன்.
பல்லிடுக்கில் யாரோ காற்று விடுவதுபோல
ஸ்ஸ்.
கொஞ்சம் நின்று, மறுபடி.

"செத்தவன் மேல கேஸ் நிக்காது."
பரணிக்கு இந்தச் செய்தி யாரும் சொல்லவில்லை.

ஓடையில் கவிழ்த்தோம்.
மழைத்தண்ணீர் பாலம் வரைக்கும் சிவந்து போனது.
மீன் விற்றுத் திரும்பிய ஒருத்தி
வெறும் கூடையைத் தலைக்குப் பிடித்தபடி நின்று
"கிறிஸ்மசுக்கு இனி முப்பத்திநாலு நாளு" என்றாள்,
ஓடையைப் பார்த்து.

ஆய்வுக்கு ஒரு குப்பி வேண்டும்.
எட்டாவதிலிருந்து எடுத்திருந்தேன்.
ஏன் என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை.
கார்க், நூல், அரக்கு, அரசு முத்திரை,
குறுக்கே என் கையெழுத்து.
தக்கலை அலுவலகத்தில் இரும்பு பீரோ,
இரண்டு பூட்டு.

ஒன்பதாம் நாள் ராத்திரி
பாரா நின்ற பென்சிகர்
துப்பாக்கி வெடித்ததென்று எழுந்து ஓடினான்.
பீரோவுக்குள் அரக்கு சில்லுச்சில்லாக,
முடிந்துபோன வழக்குக் கட்டுகளில் ஊதாக் கறை,
எங்கிருந்தோ அதற்குள் வந்துவிட்ட பொடி ஈக்கள்.
துடைக்கப் போன நான்
துணி கிடைக்காமல் சட்டைக் கையால் துடைத்தேன்.

மேலிடத்து மெமோ திங்கட்கிழமை வந்தது.
அரசுக் காவலில் இருந்த திரவம்
தொடர்ந்து புளிக்க அனுமதித்தவர் யார்?
மூன்று நாட்களுக்குள் விளக்கம் தேவை.

நல்ல கையெழுத்தில் தொடங்கினேன்.
ஐயா,
பரணி அவருடையது. குப்பி நம்முடையது.
தூவிய கை பூட்டேற்றியில் மண்ணுக்குக் கீழே இருக்கிறது.
இறுக்கி மூடிய கை என்னுடையது.
அடுத்த வரிக்குப் பேனா நகரவில்லை.

மேசையில் மெர்லின் மாடியின் சாவி,
சீல் வைத்த கடை, பெயர்ச்சீட்டோடு.
சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனேன்.
மூன்று தடவை அலசியிருந்தாள் வீட்டில்.
கிராம்பு.