மஞ்சள் மூடி

செவ்வாய்க்கிழமை, ஏழேகால்.
நோபிள் பார்க்கில் எங்கள் தெருவுக்கு வந்த குப்பை லாரி
ஐந்தாம் வீட்டைத் தாண்டவில்லை.
நின்றது.
காய்ச்சல்காரப் பிள்ளை போல ஒருமுறை உலுக்கி
தின்றதையெல்லாம் நடுத்தெருவில் கக்கியது.

புகை முதலில் வெள்ளையாகத்தான் வந்தது.
இனிப்பாய் ஒரு நாற்றம்,
நெயில் பாலிஷ் கடையில் மிட்டாய் கருகினால் வருமே, அப்படி.

ஓட்டுநர் குதித்து இறங்கினார்.
சட்டையில் லெமேகி என்று பெயர்.
கத்தவில்லை. கோழிகளைப் பஞ்சாரத்துக்கு ஒதுக்குவதுபோல
இரு கையும் விரித்து
எங்களை நடைபாதைக்கு ஒதுக்கினார்.

தீயணைப்பு வண்டி வரும் வரை
எங்கள் தெருவின் மானம் தாரில் கிடந்தது.
தனியாய் இருக்கும் நெவென்கா வீட்டில்
இரண்டு வாரத்துக்கு இத்தனை வைன் போத்தலா?
பதினொன்றாம் நம்பருக்கு வந்த வக்கீல் கடிதங்கள்
எழும்பிப் பறந்தபடி எரிந்தன.
எங்கள் பால்மாப் பெட்டியும் தெரிந்தது, தமிழ் எழுத்தோடு.
குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டதுபோல
எல்லோரும் வானத்தைப் பார்த்தோம்.

நுரை அடங்கியபின்
ஒருவர் மண்வெட்டியில் ஏந்திக் காட்டினார்.
கறுத்து, வீங்கி, வாய் பிளந்த ஏதோ ஒன்று.
கட்டைவிரல் அளவு.
'பேட்டரி. உள்ளே நசுங்கியிருக்கிறது. யாருடையது?'
தெரு தலையாட்டியது, தெரியாதென்று.
தெருவோடு நானும்.

ஞாயிற்றுக்கிழமைதான்
அகரனின் மின்சாரப் பல்துலக்கி சுற்றாமல் நின்றுபோனது.
பிளாஸ்டிக்தானே என்று
கழுவி,
துணியால் ஈரம் ஒற்றி,
மஞ்சள் மூடியைத் திறந்து போட்டவள் நான்.
உலகத்துக்கு ஒரு நன்மை செய்த கையோடு
தேநீர் ஊற்றிக் குடித்தேன்.

அன்றிரவு சமையலறை இழுப்பறையைக் கவிழ்த்தேன்.
ஐந்து வருஷத்துப் பேட்டரிகள் தரையெல்லாம் உருண்டன.
ரிமோட்டில் உயிர்விட்டவை.
சுவர்க்கடிகாரத்தை இருபது நிமிஷம் பிந்தவைத்தவை.
புகை எச்சரிக்கைக் கருவி
நடுச்சாமத்தில் கீச்சிட்டுக் கீச்சிட்டுக் கழற்றச் சொன்ன சதுரம்.
செத்தவை என்று சொல்லி வைத்திருந்தேன்.
ரிமோட்டுக்குத்தான் செத்தவை.
நெருப்புக்கு அந்த மிச்சம் போதும்.

முனைகளில் டேப் ஒட்டினேன்.
சதுரத்துக்கு இரண்டு முனையும் பக்கத்துப் பக்கத்தில்,
சண்டைக்கு நிற்கும் அண்ணன் தம்பி. முதலில் அதற்கு.
பொத்தான் போன்ற வெள்ளிச் சில்லுகளை
ஒவ்வொன்றாய் இருபுறமும் மூடினேன்.
சின்னவள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயது.
இழுப்பறை அவளுக்கு எட்டத் தொடங்கி இரண்டு வாரம்.
அதை நினைத்து
சற்று நேரம் தரையிலேயே இருந்தேன்.

சனிக்கிழமை, சூப்பர்மார்க்கெட் வாசல்.
பேட்டரித் தொட்டியின் முன்னால் நெவென்கா.
கையில் பிஸ்கட் டின்.
உண்டியலில் சில்லறை போடுகிறவளின் நிதானத்தில்
ஒவ்வொன்றாய்ப் போட்டுக்கொண்டிருந்தாள்.
என்னைக் கண்டதும் கை நின்றது.

'அது என்னுடையதாய்த்தான் இருக்கும்' என்றாள்.
'பேரன் விட்டுப்போன கார்.
மஞ்சள் தொட்டியில் போட்டேன்.'
நான்கு இரவு தூங்காத கண்.

நான் உடனே சொல்லியிருக்கலாம்.
ஒரு ட்ரொலி எங்களைக் கடந்து போனது.
இன்னொன்றும் போனது.
'பல்துலக்கி' என்றேன்.
எதற்குச் சொல்கிறேன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.
பல் தேய்த்துக் காட்டினேன்.
பிறகு எங்கள் தெரு இருக்கும் திசையைக் காட்டினேன்.
பிறகு என் நெஞ்சை.
மூன்றாவது ட்ரொலிக்காரர்
எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.
நெவென்கா சிரித்தாள்,
அழுகைக்குப் பக்கத்துவீட்டுச் சிரிப்பு.
பிஸ்கட் டின்னை நகர்த்தி
என் பைக்கு இடம் விட்டாள்.

இன்று மறுபடி செவ்வாய்.
ஐந்தாம் வீட்டின் முன்னால் புதிதாய்ப் பூசிய தார்.
லாரி அதன்மேல் மெதுவாய் ஏறி இறங்குகிறது.
லெமேகி கண்ணாடியை இறக்கி, மூக்கை நீட்டி,
ஒருமுறை மோந்துவிட்டு
எங்கள் தொட்டியைத் தூக்குகிறார்.