கிளை வெட்டாத காரணம்

மே மாதம் முழுக்கக் கிளை வெட்டும் வேலை.
மழைக்கு முன், கம்பியைத் தொடுகிற எதையும்
தொடாதபடி செய்ய வேண்டும்.
ஜாலஹள்ளியில் நான் ஏறாத கம்பம் இல்லை,
என்னை வையாத மரமும் இருக்காது.

நாகவேணி மேடம் முதலில் வந்தது சண்டைக்குத்தான்.
ஒரு துணிப்பையை என் பைக் சீட்டில் வைத்துப்
பிரித்துக் காட்டினார்.
குச்சிக் கை, குச்சிக் கால்,
திறந்தபடியே நின்றுபோன இரண்டு கண்.
மார்பில் மட்டும் முடி கருகியிருந்தது.
"இதுக்குத் தாவத் தெரியாது.
கிளை விட்டுக் கிளை பிடிச்சுத்தான் போகும்.
நடுவுல நீங்க வெட்டினீங்க.
மிச்சமிருந்ததைப் பிடிச்சது."
மிச்சமிருந்தது பதினோராயிரம் வோல்ட்.

தேவாங்கு.
பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர்.
ஸ்ரீராமபுரம் மூன்றாவது கிராஸில்
இன்றைக்கும் ரெண்டு பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.
ஒல்லி உடம்பு, பெரிய முழி, வேறென்ன.
நாற்பத்திரண்டு வருஷம் பெயரைச் சுமந்தேன்,
பெயருக்கு உரியவரைப் பார்த்ததில்லை.
பார்த்தபோது பையில் இருந்தார்.

மறுவாரம் கணக்கெடுக்க நானும் போனேன்.
பூட்டிக் கிடக்கும் பழைய கம்பெனி வளாகம்.
டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம்.
காவலுக்கு இருந்த தொட்டரங்கப்பா கேட்டைத் திறந்து
"பாம்பு இருக்கு" என்றார்,
டீ இருக்கு என்பதைப் போல.

நாலடி நடப்பதும் நிற்பதுமாக ஒன்றரை மணிநேரம்.
கொசுவுக்கு நல்ல வரும்படி.
ஒரு மரநாய் மதில்மேல்
வீட்டு வரி கட்டிய தோரணையில் நடந்து போனது.
அந்தப் பக்கம் கடைசி மெட்ரோ
ஆளில்லாத வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போனது.
போதும், கிளம்பலாம் என்று நினைத்தேன்.

அப்போது,
தூங்குமூஞ்சி மரத்தின் இரண்டாம் கவட்டில்
தூங்காத இரண்டு தணல்.

அது நகர்ந்ததை நடை என்று சொல்ல முடியாது.
ஒரு கையை எடுக்குமுன் மற்ற மூன்றையும்
ஒருமுறை கேட்டுக்கொண்டது.
எனக்குக் கம்பத்தில் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது:
மூன்று பிடி உறுதியானால்தான் நாலாவதை விடு.
இதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?
ஒரு வெட்டுக்கிளியை இரு கையாலும் பிடித்து
கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தின்றது,
றெக்கை கண்ணில் குத்தாமலிருக்க.
நான் சிரித்துவிட்டேன். மேடம் முறைத்தார்.

அப்புறம் காதருகே சொன்னார்,
கன்னடத்தில் இதற்குக் காடுபாப என்று பெயராம்.
காட்டுக் குழந்தை.
அதே உடம்பு, அதே முழி.
எங்கள் மொழியில் திட்டாக இருந்தது
பக்கத்து மொழியில் தொட்டிலில் கிடக்கிறது.

முப்பது அடிக்குக் கம்பி உறை கேட்டு எழுதினேன்.
மூன்று முறை எழுதினேன்.
மூன்றாவது கடிதத்துக்கு வந்தது,
பதினெட்டு அடி.
அத்திக் கிளையைக் கம்பியிலிருந்து விலக்கி
கீழே வளைத்துத் தேங்காய் நாரில் கட்டினேன்.
அதன் நுனி எதிர்ப்பக்கத்துப் புங்கையைத்
தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

ரெஜிஸ்டரில் ஒரு கட்டம் உண்டு:
வெட்டப்படாத கிளைகள், காரணம்.
பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
கடைசியில், "ஆள் நடமாட்டம் உள்ளது" என்று எழுதினேன்.

ஏ.இ. ஜீப்பை நிறுத்தி மேலே பார்த்தார்.
"என்னய்யா, இது மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது?"
ராத்திரி வந்து பாருங்க சார் என்றேன்.
வரவில்லை.
வெட்டச் சொல்லவும் இல்லை.

நேற்று முதல் மழை.
மின்னல் வெட்டும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.
பதினெட்டு போக
இன்னும் பன்னிரண்டு அடி.